நடுவட்டத்தில் கம்பியில்லாக் கருவி

1933ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், அரசாங்கத்தின் லைசென்ஸ் இன்றிக் கம்பியில்லாக் கருவி ஒன்றைத் தன் வசம் வைத்திருப்பதையே குற்றமாக விதித்தது. 1934 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் ஆதீனத்தில்தான் நம் முன்னோர் வீட்டு ரேடியோப் பெட்டிகள் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் பாடிக்கொண்டிருந்தன. ஆண்டுதோறும் தபால் ஆபீஸுக்குச் சென்று, கட்டணம் செலுத்தி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்த பிறகே கச்சேரியையும் செய்தியையும் மனச்சஞ்சலமின்றிக் கேட்க முடிந்தது. எண்பதுகளில் அந்த வழக்கம் ஒழிந்தது; சட்டம் மட்டும் நெடுநாள் நிலைத்திருந்தது.

இன்று உதகை கமர்ஷியல் ரோட்டிலோ கூடலூர்க் கடைவீதியிலோ கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, பஸ் ஏறி நடுவட்டத்தில் வந்து இறங்கும் மாணவன், தன் பையில் இருப்பது அலையை வாங்கவும் அலையை வீசவும் வல்ல ஒரு பூரணமான வானொலி நிலையம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமலிருக்கும் சுதந்திரத்தை அவனுக்கு அளித்தது, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் குறைந்த சக்தியோடு இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டுவதில்லை என்று 2005 ஜனவரி 28ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு; 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018இல் இன்னும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. சட்டம் இவ்வாறு விலகி நின்றுவிட்ட போதிலும், அம்மாணவனுடைய மடிக்கணினியில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஓடுமானால், கருவியைச் செருகியவுடன் அது பேசிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம் ஒன்று நீண்டு கிடந்தது. அந்தக் காலம் எப்படி வந்தது, எவருடைய பிரயத்தனத்தால் பெரும்பாலும் கடந்து போயிற்று என்பதே இங்கே சொல்லப் புகுந்த விஷயம்.

நடுவட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், பைக்காராவைக் கடந்து, நீலகிரிப் பீடபூமி மேற்கு நோக்கிச் சரியத் தொடங்கும் விளிம்பில் இவ்வூர் அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை இம்மலையில் முதலில் வந்து மோதும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஜூன் பிறந்தால் மூடுபனி ஜன்னலுக்குள் புகுந்து, துணியும் புத்தகமும் இயந்திரமும் ஒருசேர ஈரம் பாயும். 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலிருந்து பெரும்பாடுபட்டுத் திரட்டி அனுப்பப்பெற்ற சிங்கோனா நாற்றுகளையும் விதைகளையும், உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மக்ஐவர் இம்மலையில் பயிராக்கினார். தொட்டபெட்டாவை அடுத்து நடுவட்டத்திலும் சர்க்கார் தோட்டம் எழுந்தது. ஜலசந்திக் குடியேற்றங்களிலிருந்து சென்னை ராஜதானிக்கு அனுப்பப்பெற்ற சீனக் கைதிகள் இத்தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது. பார்க்க வருவோர் அதன் தடித்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கொயினா மருந்து இங்கேயே தயாராயிற்று.

அம்மரத்தின் விதை அயலார் கைக்குப் போகலாகாது என்று அதன் தாயகத்து அரசாங்கங்கள் காவல் வைத்திருந்தன என்பதையும், காவலைக் கடந்து வந்த விதை இங்கே சர்க்கார் தோட்டத்தில் வேரூன்றிய பின் நாற்றாகவும் விதையாகவும் தோட்டக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது என்பதையும் இவ்வூரின் சரித்திரத்தில் படிக்கும்போதெல்லாம், கம்பெனிகள் பூட்டி வைத்த வைஃபைச் சில்லுகளின் ரகசியம் எனக்கு நினைவுக்கு வருகிறது. சிங்கோனாவின் காலம் முடிந்து தேயிலை பரவியது. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டுத் தாயகம் திரும்பிய தோட்டத் தமிழர்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், பின்னாளில் டான்டீ என்னும் கழகமாயிற்று. இன்று இம்மலையில் லைன் வீடுகளின் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அவ்வாறு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பியில்லாக் கருவி ஆடம்பரப் பொருள் அன்று. மழைக்காலத்தில் மரம் சாய்ந்தும் மண் சரிந்தும் கம்பி அறுபடுவது இங்கே சர்வசாதாரணம். ஆகையால் கைப்பேசியின் அலையைக் கணினிக்கு வாங்கித் தருவதே நடைமுறை வழி. மடிக்கணினிக்குள் கம்பெனி பொருத்திய வைஃபை அட்டையோ, நாலைந்து மழைக்காலத்து ஈரம் பட்டபின் பேச்சை நிறுத்திவிடுவதுண்டு. அப்போதுதான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. டாங்கிளின் ஞாபகம் வருகிறது.

கம்பியில்லாக் கருவியைத் தன் கையாலேயே பேச வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய வழக்கம் அன்று. இந்தியாவில் வானொலிக்கு அரசாங்க ஸ்தாபனம் எதுவும் தோன்றுமுன்னரே, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் 1924 மே மாதத்தில் சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31ஆம் தேதி முதல் ஒலிபரப்பத் தலைப்பட்டார்கள். அவர்களுடைய ஒலிபரப்பி 40 வாட் சக்தி கொண்டது. இங்கிலாந்திலிருந்து செட்டியார் கொண்டுவந்த உறுப்புகளைச் சேர்த்து இணைத்தது. வருமானம் போதாமல் 1927இல் கிளப் முடங்கியபோது, அவர்கள் அந்த யந்திரத்தைச் சென்னை நகராட்சிக்கே கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டு நகராட்சி 1930 ஏப்ரல் முதல் தேதி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அதன் இடத்துக்கு வந்தது. பொழுதுபோக்காகக் கற்றவர்கள் தாம் கற்றதையும் செய்ததையும் பொதுவில் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதே இந்த வரலாற்றில் நான் மிக மதிக்கும் அம்சம். நீலகிரியிலும் அதன் சாயல் உண்டு. முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய உதகை ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமுள்ள அந்தப் பிரம்மாண்டமான உபகரணம், கோவிந்த் ஸ்வரூப் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் நம் நாட்டாராலேயே திட்டமிட்டு நிர்மாணிக்கப்பட்டது. பூமத்திய ரேகையிலிருந்து உதகை எத்தனை பாகை வடக்கே இருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை பாகை சரிவுள்ள குன்று ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் மேல் வடக்குத் தெற்காக அதைக் கிடத்தியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழன்றபடி வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர அதனால் முடிகிறது.

இனி லினக்ஸுக்கு வருவோம். கருவியின் ரகசியம் கம்பெனியின் பெட்டிக்குள் இருப்பதால் நேரும் இடர்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கம் முழுவதற்கும் பிறப்பிடம். 1980ஐ ஒட்டி, மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் அச்சு யந்திரம் ஒன்று வந்தது. காகிதம் சிக்கினால் உரியவருக்குச் செய்தி அனுப்பும்படி பழைய யந்திரத்தின் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதிய யந்திரத்திலும் அவ்வாறே செய்ய விரும்பினார்; மூல நிரல் கிடைக்கவில்லை; அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து அறிஞரோ, வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டதால் தர மறுத்தார். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்துக்குப் பின்னால் அந்த மறுப்பின் கசப்பு இருந்தது. 1991இல் ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கரு, க்னூவின் பொது உரிமத்தை ஏற்றுக்கொண்டு உலகப் பொதுச் சொத்தாயிற்று.

கரு இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் கணினியில் செருகப்படும் ஒவ்வொரு கருவிக்கும் அதன் மொழியறிந்து கட்டளையிடும் இயக்கி மென்பொருள் ஒன்று தனியே வேண்டும். பரோடாவில் பிறந்த அஜய் பட் முதலியோர் இன்டெல்லில் இருந்து உழைத்ததன் பயனாக 1996இல் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறை வகுக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹியூலெட்–பக்கார்டு கம்பெனியைச் சேர்ந்த ஜீன் டூரில், வெவ்வேறு வைஃபை அட்டைகளுக்கும் லினக்ஸுக்கும் இடையே பொதுவான பேச்சுமுறை ஒன்றை வகுத்தார். வைஃபையின் முதல் தரவிதி 1997இலும், வீடுகளுக்குள் அதைக் கொண்டு சேர்த்த திருத்தம் 1999இலும் வெளியாயின. எல்லாத் தரவிதிகளும் பகிரங்கமானவையே. ஆயினும் சில்லைச் செய்யும் கம்பெனி, அதன் உள்ளே எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் அலை எழும் என்பதைச் சொல்லாவிட்டால், பகிரங்கமான தரவிதியால் ஒரு பயனும் இல்லை. போட்டிக் கம்பெனிகள் அறிந்துகொள்ளும் என்று சிலரும், உபயோகிப்பவர் சட்டம் அனுமதிக்காத சக்தியில் அலை வீசிவிடுவார் என்று சிலரும் காரணம் சொல்லி, விண்டோஸுக்கான இயக்கியை மட்டும் குறுந்தகட்டில் அடைத்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் மாறாமலேயே உள்ளிருக்கும் சில்லு மாறிவிடும். டிபி-லிங்க் கம்பெனியின் டபிள்யூ.என்.722என் என்னும் டாங்கிள் இதற்குப் பிரசித்தமான உதாரணம். அதன் முதற்பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் கம்பெனியின் ஏ.ஆர்.9271 சில்லு; லினக்ஸுக்கு அது மிகவும் உகந்தது என்ற கீர்த்தி நாடெங்கும் பரவியிருந்த வேளையில், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் கம்பெனியின் 8188 வகைச் சில்லு வந்து சேர்ந்தது. பெயரை நம்பி வாங்கியவர்களில், லினக்ஸில் அதை இயக்க முடியாமல் திகைத்தவர்கள் எத்தனையோ பேர். உறையில் எழுதியிருப்பது ஒருபோதும் போதாது, உள்ளிருப்பதை அறிய வேண்டும் என்பதை அந்தக் காலம் எல்லாருக்கும் கற்பித்தது.

2003இல் ஒரு விசித்திரமான உபாயம் பிறந்தது. பான்டஸ் ஃபுக்ஸ் தொடங்கி, கிரிதர் பெம்மசானி வளர்த்த என்.டி.ஐ.எஸ். ராப்பர் என்னும் மென்பொருள், விண்டோஸுக்கென்று எழுதிய இயக்கியையே லினக்ஸுக்குள் கொண்டுவந்து, தான் இருப்பது விண்டோஸ்தான் என்று அது நம்பும்படி சூழலை அமைத்துக் கொடுத்து வேலை வாங்கியது. பல ஆயிரம் பேருக்கு அது கைகொடுத்தது உண்மை. ஆனால் ரகசியம் ரகசியமாகவே இருந்தது. பிழை வந்தால் திருத்த வழியில்லை. ஆகவே இதைத் தற்காலிகச் சிகிச்சையென்று கொள்ளலாமே தவிர நோய்க்குத் தீர்வென்று கொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம்.

உண்மையான தீர்வைத் தேடியவர்களின் உழைப்பு வேறு ரகத்தைச் சேர்ந்தது. பிராட்காம் கம்பெனியின் சில்லுகளுக்கு எழுதிய இயக்கியின் வரலாற்றைப் பார்த்தால் அது விளங்கும். தன்னார்வலர்களில் ஒரு குழு, கம்பெனியின் இயக்கியை உடைத்து ஆராய்ந்து, அது சில்லோடு என்ன பேசுகிறது என்பதைச் சாதாரண வார்த்தைகளில் விவரித்து எழுதியது. அந்த இயக்கியைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு, அந்த விவரணையை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. எழுத்துரிமைக் குற்றம் எதுவும் அணுகாதபடி அவர்கள் இட்டுக்கொண்ட நியமம் இது. அவ்வாறு உருவான இயக்கி 2006 ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.17இல் இடம்பெற்றது. 2008இல் ஏதெரோஸ் தானே முன்வந்து திறந்த இயக்கியை வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சில்லுகளுக்கு அவ்வாறு செய்தது.

இந்தச் சரித்திரத்தில் ஒருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. லாரி ஃபிங்கர் என்பவர் அமெரிக்காவில் கனிமங்களின் படிக அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி. ஃபிங்கரைட் என்று ஒரு கனிமத்துக்கே அவருடைய பெயர் இடப்பட்டிருக்கிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வயதில், மற்றவர் தோட்டத்துக்கும் சுற்றுப்பயணத்துக்கும் போகும் பருவத்தில், அவர் பிராட்காம் இயக்கியின் பிழைகளைத் திருத்தத் தொடங்கி, பிறகு ரியல்டெக் சில்லுகளின் பக்கம் திரும்பினார். கம்பெனி எழுதி அனுப்பிய இயக்கிகளின் நிரல் அலங்கோலமானது. லினக்ஸ் கருவின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அது உடைந்து போகும். அதை வரிவரியாகச் சீர்படுத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்து, உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவர் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார். 2024 ஜூனில், 84ஆம் வயதில், காலமானார். மலிவான டாங்கிள்களில் பெரும்பாலானவை ரியல்டெக் சில்லு கொண்டவை. ஆகையால் மலிவானதையே வாங்க முடிந்தவர்களுக்கு, அதாவது நம்மைப் போன்ற நாட்டாருக்கு, இம்மனிதர் செய்த உபகாரம் பெரிது. பணக்காரக் கம்பெனிகளின் விலையுயர்ந்த கருவிகளைச் சீர்செய்ய ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். மலிவுச் சரக்கின் மேல் ஆயுளைச் செலவிடுகிறவர்கள் அபூர்வம். அவரைப் போலவே, மீடியாடெக்கின் 7601 சில்லுக்கு யாகுப் கிசின்ஸ்கி எழுதிய இயக்கி 2015இல் லினக்ஸ் 4.2இலும், ரியல்டெக் சில்லுகளுக்கு யெஸ் சோரன்சன் புதிதாக எழுதிய இயக்கி 2016 ஜனவரியில் வந்த 4.4இலும் சேர்ந்தன.

தமிழ்நாட்டில் இந்த இயக்கத்துக்கு நிலம் பண்பட்டிருந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடி, ஒருவர் கணினியில் நேர்ந்த இடரை இன்னொருவர் உட்கார்ந்து தீர்த்துவைக்கும் வழக்கத்தை நிலைநாட்டியது. 2007இல் மத்திய அரசின் சி-டாக் சென்னை நிலையம் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது; சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில் அந்த அரசு நிறுவனமே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் அருகருகே வந்தன. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸைப் பற்றித் தமிழிலேயே எழுதவும் படிக்கவும் இடம் செய்தது. மலைச்சரிவிலிருக்கும் அரசுப் பள்ளி மாணவன் கையில் லினக்ஸ் என்ற பெயர் விழுந்தது பெரும்பாலும் அந்த மடிக்கணினியின் வழியாகத்தான். சிலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை; திறந்து பார்த்த சிலர், விண்டோஸ் பழுதாகிக் கணினி நத்தை வேகத்தில் நகரத் தொடங்கியபோது, அதை முழுவதும் லினக்ஸாக மாற்றிப் புத்துயிர் கொடுத்தார்கள்.

அவ்வாறு மாற்றிய கணினி ஒன்றில் டாங்கிளைச் செருகும்போது நடப்பதைக் கிட்ட இருந்து பார்க்கலாம். பெட்டிக்குள் உள்ளங்கை அகலமான குறுந்தகடு ஒன்று இருக்கும்; அதைப் போடக் கணினியில் இடமே இராது; இருந்தாலும் அதிலிருப்பது லினக்ஸுக்கு ஆகாது. உறையில் 150 எம்.பி.பி.எஸ். என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். சில்லின் பெயர் எங்கும் இராது. கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்து எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் கட்டளையைக் கொடுத்தால், செருகியிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் முக்காற்புள்ளியால் பிரிந்த இரண்டு எண்கள் தோன்றும். முன்னது கம்பெனியையும் பின்னது கருவியையும் குறிக்கும். 148எஃப்:7601 என்றிருந்தால் மீடியாடெக். 148எஃப்:5370 என்றிருந்தால் ராலிங்க். 0சிஎஃப்3:9271 என்றால் ஏதெரோஸ். 0பிடிஏ:8179 என்றால் ரியல்டெக். அந்த எண்களே கருவியின் மெய்யான முகவரி. அதை எழுதி வைத்துக்கொண்டவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

சில டாங்கிள்கள் முதலில் வேஷமிட்டு வரும். விண்டோஸ் இயக்கியைத் தம்முள் அடக்கிய குறுந்தகடு போலத் தம்மைக் காட்டிக்கொள்ளும். அந்தப் பொய்த்தகட்டை வெளியேற்றினால்தான் மெய்யான வைஃபை முகம் தெரியும். 3ஜி டேட்டா கார்டுகள் வந்த காலத்திலேயே இந்தத் தொல்லை பலருக்குப் பழக்கம். யோசுவா டீட்சே எழுதிய யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்னும் சிறு மென்பொருள் அந்த வேஷத்தைக் கலைக்கும். அதன் பிறகு டிமெஸ்ஜி என்னும் கட்டளையால் லினக்ஸ் கரு தனக்குள் எழுதிக்கொண்டிருக்கும் நாட்குறிப்பைப் படித்தால், ஆர்.டி.2870 என்றோ எம்.டி.7601யூ என்றோ பெயருள்ள ஒரு கோப்பு அகப்படவில்லை என்ற வரி கண்ணில் படலாம். அதுதான் சில்லின் நெஞ்சுக்குள் ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர். இது திறந்த நிரல் அன்றாதலால், லினக்ஸைத் தொகுத்து வழங்கும் டெபியன் அமைப்பு வெகுகாலம் தன் நிறுவல் தகட்டில் இதைச் சேர்க்காமலே இருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்ற, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அது உடன் வருகிறது. கொள்கையில் உறுதியாயிருந்தவர்களை நான் மதிக்கிறேன். எனினும் முதன்முதலாக லினக்ஸை நிறுவுகிற மாணவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடாத அந்த முடிவே சரியானது என்று கருதுகிறேன்.

ஏனெனில், இணையம் கிடைக்க ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் கிடைக்க இணையம் வேண்டும் என்னும் சிக்கல் மலையூரில் இருப்பவனைத்தான் மிகவும் வருத்தியது. கூடலூருக்கோ உதகைக்கோ போய், பென் டிரைவில் கோப்பை ஏற்றிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பியவர்கள் உண்டு. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு பூட்டி, டெதரிங் என்பதைத் தட்டிவிட்டால், லினக்ஸ் அதைச் சாதாரணக் கம்பி இணைப்பாக ஏற்றுக்கொண்டு அப்போதே வேலை செய்யும். இந்த எளிய வழி தெரியாமல் பயணச் செலவு செய்தவர்கள் ஏராளம். கருவில் சேராத சில சில்லுகளுக்கு மூல நிரலை எடுத்து, ஹெடர் கோப்புகளை நிறுவி, அவரவர் கணினியிலேயே இயக்கியைத் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கரு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதை மீண்டும் தொகுக்கும் பொறுப்பை டி.கே.எம்.எஸ். என்னும் ஏற்பாட்டிடம் விட்டுவிடலாம்.

இயக்கி ஏறிவிட்டாலும் மலைக்கே உரிய சில நுட்பங்கள் உண்டு. மழையே வைஃபையைக் கெடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்தாரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நனைந்த இலைத்திரளும், ஊறிய கல்சுவரும், தகரக் கூரையுமே அதைத் தடுக்கின்றன. நீல நாக்குள்ள யூ.எஸ்.பி. 3 துவாரத்தில் டாங்கிளைச் செருகினால், அந்தத் துவாரத்தில் எழும் மின்னிரைச்சலே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அமுக்கிவிடும். இதை இன்டெல் கம்பெனியே 2012இல் எழுதி வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியை வாங்கி, டாங்கிளை ஜன்னலோரம் கட்டிவிட்டால், இரு குறையும் ஓரளவு நீங்கும். இன்னொன்று: லினக்ஸில் நாட்டின் பெயர் அமெரிக்கா என்று பதிந்திருந்தால், 12, 13ஆம் தடங்களில் பேசும் ரௌட்டர் கண்ணுக்கே தெரியாது. இந்தியா என்று மாற்றிய கணமே அது பட்டியலில் வந்து நிற்கும். 2005ஆம் ஆண்டு அறிவிப்பு திறந்துவிட்ட அலைவரிசையின் எல்லை, கணினிக்குள் இருக்கும் அந்தச் சிறு அட்டவணையிலும் பதிவாகியிருக்கிறது.

இன்று பெரும்பாலான டாங்கிள்கள் செருகிய மாத்திரத்தில் லினக்ஸில் பேசுகின்றன. 2023இல் வந்த 6.2ஆம் பதிப்பு முதல் ரியல்டெக்கின் புதிய யூ.எஸ்.பி. சில்லுகள் பலவற்றுக்கும் இயக்கி கருவிலேயே இருக்கிறது. ஆயினும் புதிய சில்லுகள் வந்துகொண்டுதான் இருக்கும். அரசாங்கம் பள்ளிகளுக்குக் கணினியும் கருவியும் வாங்கும்போது, அவற்றின் இயக்கி லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை டெண்டரில் சேர்த்தால், கம்பெனிகள் கேட்டே தீரும். இதைச் செய்யுமாறு தமிழ்நாட்டு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரில் ஒரு டாங்கிளை லினக்ஸில் பேச வைத்துவிட்டீர்களானால், அந்த இரண்டு எண்களையும், கருவின் பதிப்பையும், செய்த வழியையும் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணினி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.